வெளிநாட்டு ஈடிஎஃப்: உள்ளூர் டீமேட்டா, அமெரிக்கச் செயலியா, லண்டன் சந்தையா?

நொய்யல்கரை (திருப்பூர்) | 9 ஆகஸ்ட் 2025

எல்லோருக்கும் வணக்கம். பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வயது 38. பிஎஃப், பிபிஎஃப், இரண்டு இந்திய இண்டெக்ஸ் ஃபண்டு எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டுக் கடன் போன வருடம் முடிந்தது. அந்த மாதத் தவணை இப்போது கையில் நிற்கிறது, சுமார் 60,000 ரூபாய். மகள் ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள். 12, 15 வருடம் கழித்து அவள் வெளிநாட்டில் படிக்க விரும்பினால் செலவு டாலரில்தான் வரும். அதனால் இந்தப் பணத்தை எஸ் அண்ட் பி 500 (500 பெரிய அமெரிக்கக் கம்பெனிகளின் குறியீடு) மாதிரி ஒரு பரந்த குறியீட்டில் போட நினைக்கிறேன்.

மூன்று வழி காதில் விழுகிறது. முதலாவது, இங்கேயே என்எஸ்இயில் கிடைக்கும் நாஸ்டாக் 100 என்ற அமெரிக்கக் குறியீட்டின் ஈடிஎஃப்பை (பங்கு போலச் சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்டு) இருக்கிற டீமேட்டில் வாங்குவது. இரண்டாவது, அமெரிக்கப் பங்கு விற்கும் செயலி ஒன்றில் கணக்குத் திறந்து வேன்கார்டு நிறுவனத்தின் விஓஓ என்ற எஸ் அண்ட் பி 500 ஈடிஎஃப் வாங்குவது. மூன்றாவது, அலுவலகத்தில் ஒருவர் சொன்னது: லண்டன் சந்தையில் அயர்லாந்து ஈடிஎஃப். அமெரிக்கக் குறியீட்டுக்கு எதற்கு அயர்லாந்து என்பது எனக்குப் புரியவில்லை. எந்த புரோக்கர் நல்லது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்ல வேண்டும்.

---

மலைக்கோட்டை_டீமேட் (திருச்சி)

புரோக்கரை அப்புறம் பார்க்கலாம் தம்பி. முதல் வழியில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்திய மியூச்சுவல் ஃபண்டு நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து வெளிநாட்டுப் பங்குகளில் மொத்தம் 7 பில்லியன் டாலர் வரைதான் போடலாம். வெளிநாட்டு ஈடிஎஃப்களில் போட தனியாக 1 பில்லியன் டாலர் உச்சவரம்பு. 2022 பிப்ரவரியில் முதல் வரம்பு நிரம்பியது, புதுப் பணம் வாங்குவதை நிறுத்தினார்கள். அந்த ஜூனில், பழைய அளவைத் தாண்டாமல் இருந்தால் வாங்கலாம் என்று செபி கொஞ்சம் தளர்த்தியது. 2024 ஏப்ரல் முதல் இரண்டாவது வரம்பிலும் கதவை மூடிவிட்டார்கள்.

இது நம் திரையில் எப்படித் தெரியும்? ஈடிஎஃப் ஒன்றின் சந்தை விலை அதன் உள்மதிப்பை (உள்ளே இருக்கும் பங்குகளின் மதிப்பு) விட ஏறினால், சாதாரண நாளில் மார்க்கெட் மேக்கர் (இதற்கென இருக்கும் வர்த்தக நிறுவனம்) ஃபண்டு நிறுவனத்திடம் பணம் கொடுத்துப் புது யூனிட் உருவாக்கி சந்தையில் விற்பார். விலை தானாக இறங்கிவிடும். வரம்பு நிரம்பிய பிறகு புது யூனிட் உருவாக்க முடியாது. இருக்கிற யூனிட்டையே எல்லோரும் போட்டி போட்டு வாங்குகிறார்கள். அரங்கு நிறைந்த படத்துக்கு வெளியே கூடுதல் விலையில் டிக்கெட் விற்பது மாதிரிதான். மோதிலால் ஓஸ்வால் நாஸ்டாக் 100 ஈடிஎஃப்பும் மிராயின் ஃபாங் பிளஸ் ஈடிஎஃப்பும் உள்மதிப்பை விடப் பத்து சதவீதத்துக்கு மேல் விலை போன நாள்கள் இருக்கின்றன.

100 ரூபாய் சொத்தை 110க்கு வாங்குகிறீர்கள். நாளைக்கே ஆர்பிஐ வரம்பை உயர்த்தினால், அமெரிக்கச் சந்தை அசையாமலேயே அந்த 10 ரூபாய் போய்விடும். ஃபண்டு நிறுவனத்தின் தளத்தில் ஐநேவ் என்று நேரலை உள்மதிப்பு போடுகிறார்கள். அதைப் பார்க்காமல் வாங்கும் பொத்தானைத் தொடவே கூடாது.

---

பாம்பன்காற்று (இராமேஸ்வரம்)

மலைக்கோட்டை அண்ணன் ஈடிஎஃப்பைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் உள்ளூர் வழி அதோடு முடிந்துவிடவில்லை. எஸ் அண்ட் பி 500 இண்டெக்ஸ் ஃபண்டு, நாஸ்டாக் ஃபண்டு ஆஃப் ஃபண்டு (இன்னொரு ஃபண்டில் பணம் போடும் ஃபண்டு) எல்லாம் உள்மதிப்பிலேயே கிடைக்கும், பிரீமியம் கிடையாது. எந்த மாதம் கதவு திறக்கிறார்கள், எந்த மாதம் மூடுகிறார்கள் என்பதுதான் தொல்லை.

வரியும் இப்போது நியாயமாகிவிட்டது. 2023 ஏப்ரலிலிருந்து வாங்கிய வெளிநாட்டு ஃபண்டுகளுக்கு எவ்வளவு காலம் வைத்திருந்தாலும் ஸ்லாப் வரிதான் (அவரவர் வருமானத்துக்கு உரிய விகிதம்) என்று இருந்தது. 2025 ஏப்ரல் முதல் அந்த விதியைக் கடன் பத்திர ஃபண்டுகளோடு நிறுத்திவிட்டார்கள். வெளிநாட்டுப் பங்கு ஃபண்டை 24 மாதம் வைத்திருந்தால் 12.5 சதவீதம்தான்.

வங்கிக்கு அலைய வேண்டாம், டாலர் மாற்ற வேண்டாம், ஐடிஆரில் (வருமான வரிக் கணக்கில்) வெளிநாட்டுச் சொத்து அட்டவணை வேண்டாம். நாளைக்கு நமக்கு ஏதாவது ஆனால் மனைவி உள்ளூர் அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்தால் போதும். சாதாரணக் குடும்பத்துக்கு இதன் மதிப்பு பெரியது என்பது என் உறுதியான கருத்து.

---

அம்மாபேட்டை_ஆடிட்டர் (சேலம்)

வெளிநாட்டுப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு விதிகளைச் சொல்லிவிடுகிறேன். வருடா வருடம் ஜூலையில் என் மேசைக்கு வரும் குழப்பங்களில் பாதி இதுதான்.

எல்ஆர்எஸ் என்கிற ஆர்பிஐ திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளியே அனுப்பலாம். 2004இல் 25,000 டாலரில் தொடங்கியது, 2013இல் ரூபாய் சரிந்தபோது 75,000க்குக் குறைத்தார்கள், 2015 முதல் இன்றைய அளவு. நம் நொய்யல்கரைக்கு இந்த உச்சவரம்பு ஒரு பொருட்டே இல்லை.

அடுத்தது டிசிஎஸ், பணம் அனுப்பும்போதே பிடிக்கும் வரி. முதலீட்டுக்காக அனுப்பும் தொகை ஒரு நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 20 சதவீதம் வங்கியே பிடித்து அரசுக்குக் கட்டும். 2025 ஏப்ரலுக்கு முன் இந்த எல்லை 7 லட்சமாக இருந்தது. முதலீடு, பரிசு, வெளிநாட்டு உறவினருக்கு அனுப்புவது எல்லாம் ஒரே பான் எண்ணில் சேர்த்துத்தான் எண்ணப்படும். இரண்டு வங்கியில் பிரித்து அனுப்பினால் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிடித்த பணம் தொலைவதில்லை, வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். சம்பளக்காரர்கள் அதற்கான படிவத்தை நிறுவனத்திடம் கொடுத்தால் நிறுவனம் மாதாந்திர டிடிஎஸ்ஸிலேயே சரிசெய்துவிடும். மாதம் 60,000 என்றால் வருடத்துக்கு 7.2 லட்சம், எல்லைக்குள்தான் வருகிறது.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். வெளிநாட்டில் ஒரே ஒரு யூனிட் இருந்தாலும் ஐடிஆர் 1 போட முடியாது. ஐடிஆர் 2 அல்லது 3 எடுத்து, எஃப்ஏ என்ற வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் அதைக் காட்ட வேண்டும். அந்த அட்டவணை நிதியாண்டில் ஓடுவதில்லை, ஜனவரி முதல் டிசம்பர் வரை ஓடுகிறது. 2025இல் தாக்கல் செய்வதில் 2024 டிசம்பர் 31 வரை இருந்ததைக் காட்ட வேண்டும். 2025 பிப்ரவரியில் வாங்கியது அடுத்த வருடத்துக்குப் போகும். ஆனால் டிவிடெண்டும் விற்ற லாபமும் நிதியாண்டுப்படிதான். ஒவ்வொரு முறை வாங்கியதற்கும் தொடக்க மதிப்பு, வருடத்தின் உச்ச மதிப்பு, முடிவு மதிப்பு என்று எஸ்பிஐயின் டிடி (தந்திவழிப் பரிமாற்ற) வாங்கும் விகிதத்தில் ரூபாயாக்கி எழுத வேண்டும். மாதா மாதம் வாங்கினால் வருடத்துக்குப் பன்னிரண்டு வரிசை, ஐந்து வருடத்தில் அறுபது.

விட்டுவிட்டால் 2015ஆம் வருடக் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதத்துக்கு இடம் உண்டு. வீடு நிலம் அல்லாத சொத்துகள் மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதம் இல்லை என்று 2024 அக்டோபரிலிருந்து தளர்த்தியிருக்கிறார்கள். அபராதத்திலிருந்துதான் விலக்கு, காட்ட வேண்டிய கடமை அப்படியே இருக்கிறது.

தாக்கல் கெடு நெருங்கும் கடைசி வாரத்தில் புரோக்கர் அறிக்கையைத் தேடாதீர்கள்.

---

சிங்கை_தேக்கா (சிங்கப்பூர்)

அயர்லாந்து ஏன் என்ற கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். இங்கே சிங்கப்பூரில் நாங்கள் பலர் அந்த வழியில்தான் போகிறோம்.

அமெரிக்கக் கம்பெனிகள் தரும் டிவிடெண்டில், வெளிநாட்டவருக்கு அமெரிக்கா வாசலிலேயே 30 சதவீதம் பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவுடன் வரி ஒப்பந்தம் இருந்தால் குறையும். சிங்கப்பூருக்கு ஒப்பந்தம் இல்லாததால் எங்களுக்கு முழு 30. இந்தியர்களுக்கு ஒப்பந்தப்படி 25, கணக்குத் திறக்கும்போது டபிள்யூ-8பென் படிவம் கொடுப்பது அதற்காகத்தான். அயர்லாந்தில் பதிவான ஃபண்டு அதே அமெரிக்கப் பங்குகளை வைத்திருந்தால் ஃபண்டு மட்டத்தில் 15 சதவீதத்தோடு முடிகிறது. அங்கிருந்து நமக்கு வரும்போது அயர்லாந்து எதுவும் பிடிப்பதில்லை.

இன்னொரு வசதி, டிவிடெண்டைக் கையில் கொடுக்காமல் ஃபண்டுக்குள்ளேயே மறுபடி போட்டு வளர்க்கும் வகை. பிளாக்ராக்கின் ஐஷேர்ஸ் சிஎஸ்பிஎக்ஸ், வேன்கார்டின் வியுஏஏ. இரண்டும் எஸ் அண்ட் பி 500தான், இரண்டும் லண்டனில் டாலரில் வர்த்தகமாகின்றன. உலகம் முழுவதும் வேண்டுமென்றால் வேன்கார்டின் விடபிள்யூஆர்ஏ. சிஎஸ்பிஎக்ஸுக்கு வருடக் கட்டணம் 0.07 சதவீதம். விஓஓவுக்கு 0.03. அந்த வித்தியாசத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

---

அம்மாபேட்டை_ஆடிட்டர்

தேக்கா சொன்னதை இந்தியக் கணக்கில் போட்டுக் காட்டுகிறேன். டிவிடெண்டு வருடத்துக்கு முதலீட்டில் ஒன்றேகால் சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 30 சதவீத ஸ்லாபில் இருந்தால், விஓஓவில் அமெரிக்கா 25 பிடித்ததற்கு இங்கே அதற்கான படிவம் போட்டு வரவு (அங்கே கட்டிய வரிக்குக் கழிவு) வாங்கலாம். ஆனாலும் மொத்தச் சுமை செஸ்ஸோடு 31.2 சதவீதம். முதலீட்டில் கணக்கிட்டால் வருடத்துக்கு 0.39 சதவீதம் கரைகிறது. அயர்லாந்தின் வளர்ச்சி வகையில் ஃபண்டுக்குள் 15 சதவீதம், அதாவது 0.19. அதற்கு இங்கே வரவு கிடைக்காது, ஆனால் உங்கள் கைக்கு எதுவும் வராததால் வருடா வருடம் டிவிடெண்டு வரியும் இல்லை, அந்தப் படிவமும் இல்லை. கட்டண வித்தியாசம் 0.04ஐச் சேர்த்தாலும் அயர்லாந்துதான் குறைவு. 5 சதவீத ஸ்லாபில் இருப்பவருக்கு இந்த வித்தியாசம் குறையும், அதைக் கவனியுங்கள்.

விற்கும்போது இரண்டுக்கும் ஒன்றுதான்: 24 மாதத்துக்கு மேல் என்றால் 12.5 சதவீதம், அதற்குள் என்றால் ஸ்லாப். லாபத்தை ரூபாயில் கணக்கிட வேண்டும் என்பதால், டாலர் விலை ஏறியதால் வந்த லாபத்துக்கும் வரி உண்டு.

---

நெக்கர்நதி (ஸ்டுட்கார்ட்)

ஜெர்மனியிலிருந்து ஒரு வார்த்தை. இங்கே எங்களுக்கு விஓஓ என்ற தேர்வே இல்லை. 2018 ஜனவரியிலிருந்து ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, சில்லறை முதலீட்டாளருக்கு விற்கும் ஃபண்டுக்கு நிர்ணயித்த வடிவத்தில் ஒரு தகவல் தாள் இருக்க வேண்டும். அமெரிக்க ஈடிஎஃப் நிறுவனங்கள் அதைத் தயாரிப்பதில்லை. புரோக்கர் திரையில் பெயர் தெரியும், வாங்கக் கொடுத்தால் நிராகரித்துவிடும். அதனால் ஐரோப்பாவில் எல்லோரும் அயர்லாந்து, லக்சம்பர்க் ஃபண்டுகள்தான். பணம் அங்கே குவிவதால் அந்த ஃபண்டுகள் பெரியவை, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி குறைவு. அயர்லாந்து என்றதும் ஏதோ சின்ன மூலை ஃபண்டு என்று யாரும் பயப்பட வேண்டாம்.

இந்தியாவில் இருப்பவர்கள் பிற்காலத்தில் ஐரோப்பாவுக்கு வேலைக்கு வந்தால், முன்பே வாங்கிய விஓஓவை வைத்திருக்கலாம், விற்கலாம், கூடுதலாக வாங்க முடியாது.

---

வைகை_மீனாள் (மதுரை)

இதுவரை எல்லோரும் வரி, கட்டணம் பற்றிப் பேசினீர்கள். இன்னொன்றை நான் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் வீட்டில் நடந்தது.

என் அக்கா வீட்டுக்காரர் சென்னையில் மென்பொருள் வேலையில் இருந்தார். கம்பெனி கொடுத்த அமெரிக்கப் பங்குகள், அதோடு அவரே வாங்கிய அமெரிக்க ஈடிஎஃப் எல்லாம் ஒரு அமெரிக்க புரோக்கர் கணக்கில் இருந்தன. மாரடைப்பில் போய்விட்டார். வயது ஐம்பதுகூட ஆகவில்லை. அக்காவுக்குக் கணக்கு இருப்பது தெரியும், கடவுச்சொல்கூடத் தெரியும். இறப்புச் சான்றிதழை அனுப்பியதும் புரோக்கர் கணக்கை முடக்கிவிட்டார்கள். அமெரிக்க வரித்துறையிடமிருந்து ஒரு மாற்றுச் சான்றிதழ் வாங்கி வந்தால்தான் பங்குகளை அக்கா பெயருக்கு விடுவோம் என்றார்கள்.

காரணம், அமெரிக்காவின் எஸ்டேட் வரி. அந்த நாட்டுக் குடிமகனாகவோ அங்கே வசிப்பவராகவோ இல்லாத ஒருவர் இறக்கும்போது, அவருடைய அமெரிக்கச் சொத்தில் 60,000 டாலருக்கு மட்டும்தான் விலக்கு. அதற்கு மேல் 26 சதவீதத்தில் தொடங்கி 40 வரை போகிறது. 1 லட்சம் டாலர் இருந்தால் வரி சுமார் 10,800 டாலர். இது லாபத்துக்கான வரி இல்லை, சொத்தின் மதிப்புக்கான வரி. அமெரிக்கக் குடிமக்களுக்கு விலக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் இருக்கிறது, நமக்கு 60,000. இந்தியா தன் எஸ்டேட் வரியை 1985இல் ஒழித்துவிட்டது, இந்த வரிக்கு இரண்டு நாடுகளுக்கும் இடையே ஒப்பந்தமும் இல்லை. இங்கே கட்டிக் கழிக்கவும் வழியில்லை.

706-என்ஏ என்ற படிவத்தை இறந்த ஒன்பது மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அக்கா அழுதுகொண்டிருந்த நேரத்தில் இந்தப் பெயரையெல்லாம் யார் சொல்வார்கள்? அமெரிக்காவில் ஒரு வரி ஆலோசகரைப் பிடித்து, வாரிசுச் சான்றிதழ் வாங்கி, நோட்டரி போட்டு அனுப்பி, பதில் வர நெடுநாள் ஆனது. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு அந்தப் பணம் உதவவில்லை, நகையைத்தான் வைத்தோம்.

அமெரிக்காவில் பதிவான ஈடிஎஃப் அமெரிக்கச் சொத்து. அயர்லாந்தில் பதிவானது, உள்ளே இருப்பது ஆப்பிளும் மைக்ரோசாஃப்டுமாக இருந்தாலும், அமெரிக்கச் சொத்தாகக் கணக்கில் வராது. எனக்கு இந்த ஒரு காரணமே போதும். நொய்யல்கரை தம்பி, உங்களுக்குச் சின்னக் குழந்தை இருக்கிறது. எந்தச் செயலி என்று கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்.

---

பாம்பன்காற்று

மீனாள் அக்கா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. 60,000 டாலர் என்றால் 2025 ஆகஸ்ட் விலையில் சுமார் 52 லட்சம் ரூபாய். சின்னதாகத் தொடங்குபவருக்கு அது தூரம்தானே என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.

---

வைகை_மீனாள்

தூரம் இல்லை தம்பி. வருடம் 7.2 லட்சம் என்றால் அதே விலையில் சுமார் 8,200 டாலர். சந்தை கொஞ்சமும் வளராவிட்டாலும் ஏழரை வருடத்துக்குள் 60,000 வந்துவிடும். வளர்ந்தால் இன்னும் சீக்கிரம். மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் முன்பே எல்லையைத் தொட்டுவிடுவார். எல்லைக்குள் இருந்தாலும், வரி இல்லை என்பதற்கு உறுதிமொழிப் பத்திரம் கேட்கிறார்கள்.

---

ஃபாரெக்ஸ்_மேசை (சென்னை)

பொதுத்துறை வங்கி ஒன்றின் அந்நியச் செலாவணிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பணம் இங்கிருந்து கிளம்பும் கட்டத்தைப் பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். செயலிகள் "கமிஷன் பூஜ்யம்" என்று விளம்பரம் செய்யும். உங்கள் செலவில் பெரும்பகுதி அந்தக் கமிஷனில் இல்லை, டாலர் மாற்றும் விலையில்தான் இருக்கிறது.

வங்கிகளுக்கிடையே டாலர் ஒரு விலைக்குப் போகும். உங்களுக்கு அதற்கு மேல் ஒரு மார்க்கப் வைத்து விற்பார்கள். அது எங்கும் கட்டணம் என்று தனியாக அச்சாகாது. சில வங்கியில் அரை சதவீதத்துக்கும் கீழ், சிலவற்றில் இரண்டுக்கு அருகில். பழைய வாடிக்கையாளராக இருந்தால் கிளை மேலாளரிடம் பேசிக் குறைக்கலாம், நாங்கள் குறைத்துக் கொடுத்திருக்கிறோம். மேசையில் விலை சொல்லும் நேரத்தில் அன்றைய சந்தை விலையைக் கைபேசியில் பார்த்து வித்தியாசத்தைக் கணக்கிடுங்கள்.

அதற்கு மேல் மாற்றும் தொகைக்கு ஜிஎஸ்டி. 1 லட்சம் வரை மதிப்பில் ஒரு சதவீதத்தைச் சேவையாக எடுத்துக்கொண்டு அதில் 18 சதவீதம், அதாவது 1 லட்சத்துக்கு 180 ரூபாய். 1 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை, மேலுள்ள தொகைக்கு அரை சதவீதம். 5 லட்சம் அனுப்பினால் ஜிஎஸ்டி 540. இது போக ஒவ்வொரு முறையும் வயர் (வங்கிவழி வெளிநாட்டுப் பரிமாற்ற) கட்டணம். தொகை சின்னதோ பெரியதோ அது மாறுவதில்லை. அதனால் மாதம் 60,000 அனுப்புவதை விட மூன்று மாதத்துக்கு ஒரு முறை 1.8 லட்சமாக அனுப்புவது மேல். ஆடிட்டர் அம்மா சொன்ன எஃப்ஏ வரிசைகளும் மூன்றில் ஒன்றாகக் குறையும்.

பணம் அனுப்ப வங்கியில் கொடுக்கும் படிவம் ஏ2இல் நோக்கக் குறியீடு எஸ்0001, வெளிநாட்டுப் பங்கில் முதலீடு. கட்டணத்தை யார் ஏற்பது என்ற இடத்தில் அனுப்புபவரே என்று குறிக்காவிட்டால், நடுவில் வரும் வங்கி தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் புரோக்கருக்கு அனுப்பும்.

இன்னும் சில விஷயங்கள். இந்தப் பணத்தை மார்ஜினுக்கும் (புரோக்கரிடம் கடன் வாங்கி வர்த்தகம் செய்வது) ஃபியூச்சர், ஆப்ஷன் வர்த்தகத்துக்கும் பயன்படுத்தக் கூடாது. கணக்குத் திறக்கும்போது "மார்ஜின் கணக்கா, ரொக்கக் கணக்கா" என்று கேட்டால் ரொக்கம் என்று கொடுங்கள். வங்கிக் கடன் வாங்கி அனுப்பவும் கூடாது. அனுப்பிய பணத்தை முதலீடு செய்யாமல் 180 நாளுக்கு மேல் அங்கே சும்மா வைத்திருக்கக் கூடாது, திருப்பிக் கொண்டுவர வேண்டும். சந்தை விழட்டும் என்று டாலரைக் கையில் வைத்துக் காத்திருப்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

---

நொய்யல்கரை

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. மீனாள் அக்கா எழுதியதை என் மனைவியிடமும் படிக்கச் சொன்னேன். விஓஓ பட்டியலிலிருந்து எடுத்தாயிற்று.

இப்போது கேள்வி இரண்டு. நான் பார்த்த இந்தியச் செயலிகளில் அமெரிக்கச் சந்தைதான் தெரிகிறது, லண்டன் தெரியவில்லை. அதற்கு எங்கே போவது? அடுத்தது, கிஃப்ட் சிட்டி என்று ஒன்று சொல்கிறார்களே, அது இதற்கு மாற்றாகுமா?

---

மலைக்கோட்டை_டீமேட்

லண்டனுக்கு இங்கே பலரும் பயன்படுத்துவது இன்டராக்டிவ் புரோக்கர்ஸ். இந்தியாவில் வசிப்பவர்கள் கணக்குத் திறக்கலாம், வர்த்தகம் செய்யாத மாதங்களுக்குப் பிடித்த கட்டணத்தை 2021இல் எடுத்துவிட்டார்கள். திரை முதலில் மிரட்டும். உங்களுக்கு வேண்டியது அதில் நாலு பொத்தான்தான். கணக்குத் திறக்கும் முன் அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள்: நான் இறந்தால் என் மனைவி என்னென்ன ஆவணம் தர வேண்டும், நாமினி போட முடியுமா? பதிலை அச்செடுத்து எல்ஐசி பத்திரம் இருக்கும் கோப்பிலேயே வையுங்கள்.

சர்வதேச நிதி மையமான கிஃப்ட் சிட்டியில் 2022 மார்ச்சில் என்எஸ்இயின் சர்வதேசச் சந்தை எட்டு அமெரிக்கப் பங்குகளின் ரசீதுகளை (பங்குக்குப் பதிலாக நிற்கும் பத்திரங்கள்) விற்கத் தொடங்கியது. அது குஜராத்தில் இருந்தாலும் அங்கே பணம் போவது எல்ஆர்எஸ் கணக்கில்தான், டிசிஎஸ் விதியும் அதேதான். வர்த்தக அளவு குறைவு. அங்கே பதிவாகும் ஃபண்டுகள் வளர்ந்து வருகின்றன. நீண்ட காலத்துக்கு ஒரே குறியீட்டை வாங்கப் போகிறவருக்கு இன்றைக்கு லண்டன்தான் தெளிவான வழி என்று நினைக்கிறேன்.

---

பாம்பன்காற்று

என் கருத்தை முழுவதும் மாற்றிக்கொள்ளவில்லை. வருடம் 1 லட்சம், 2 லட்சம் போடுகிறவருக்கு உள்ளூர் இண்டெக்ஸ் ஃபண்டுதான் சரி. வயர் கட்டணம், ஐடிஆர் 2க்கு ஆடிட்டர் கட்டணம் இதெல்லாம் சின்னத் தொகையைத் தின்றுவிடும். 7.2 லட்சம், 15 வருடம் என்றால் லண்டன் போகலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கே போகும் வீட்டில், கணவன் மனைவி இரண்டு பேருக்கும் கணக்கு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

---

அம்மாபேட்டை_ஆடிட்டர்

பாம்பன் சொன்ன எல்லையோடு நானும் ஒத்துப்போகிறேன். ஒரு எச்சரிக்கை: மனைவி பெயரில் கணக்குத் திறந்து உங்கள் பணத்தைப் போட்டால், அதன் வருமானம் உங்கள் வருமானத்தோடுதான் சேரும். அவருக்குச் சொந்த வருமானம் இருந்தால் அதிலிருந்து போடச் சொல்லுங்கள். அயர்லாந்து ஈடிஎஃப்பும் எஃப்ஏ அட்டவணைக்குள் வரும், டிவிடெண்டு வரவில்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள். டிசம்பர் 31 முடிந்ததும் ஜனவரி முதல் வாரத்திலேயே புரோக்கர் அறிக்கையை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

---

நொய்யல்கரை

சரி, இப்படித் தீர்மானித்திருக்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை 1.8 லட்சம். ரொக்கக் கணக்கு. எஸ் அண்ட் பி 500இன் அயர்லாந்து வளர்ச்சி வகை. மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை, அவர் தன் சம்பளத்திலிருந்து உள்ளூர் ஃபண்டில் சின்னதாகத் தொடர்வார், எனக்கு ஏதாவது ஆனால் உடனே கைக்கு வரும் பணம் அதுவாக இருக்கட்டும். சிஎஸ்பிஎக்ஸ் ஒரு யூனிட் 600 டாலருக்கு மேல் போகிறது, வியுஏஏ அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். மிச்சம் சில்லறை குறைவாக நிற்கும் என்று வியுஏஏ எடுக்கலாமா?

---

சிங்கை_தேக்கா

தாராளமாக எடுக்கலாம். தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒரே ஃபண்டு லண்டனில் இரண்டு நாணயத்தில் இருக்கும். வியுஏஏ டாலர், வியுஏஜி பவுண்டு. அதே போல சிஎஸ்பிஎக்ஸ் டாலர், சிஎஸ்பி1 பென்ஸ். டாலர் அனுப்பிவிட்டு பவுண்டு வரிசையைத் தொட்டால் இன்னொரு முறை நாணயம் மாற்றும் செலவு.

நேரமும் முக்கியம். கோடையில் லண்டன் நம் இந்திய நேரப்படி மதியம் 12.30க்குத் திறந்து இரவு 9க்கு மூடும். அமெரிக்கா 7 மணிக்குத் திறக்கும். 7லிருந்து 9க்குள் வாங்கினால் உள்ளே இருக்கும் பங்குகளும் வர்த்தகத்தில் இருப்பதால் இடைவெளி குறைவு. குளிர்காலத்தில் எல்லாம் ஒரு மணி நேரம் தள்ளிப் போகும். சந்தை விலைக்கு என்று விடாமல், நீங்கள் சொல்லும் விலைக்குள் மட்டும் வாங்கும் லிமிட் ஆர்டர் போடுங்கள்.

---

ஃபாரெக்ஸ்_மேசை

முதல் முறை அனுப்பும்போது முழுத் தொகையும் வேண்டாம் தம்பி. சின்னத் தொகை ஒன்றை அனுப்பி, புரோக்கர் கொடுத்த குறிப்பு எண் வயரில் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். வங்கிக் கணக்கில் இருக்கும் பெயரும் புரோக்கர் கணக்கில் இருக்கும் பெயரும் இனிஷியல் உட்பட ஒன்றாக இருக்க வேண்டும். நம் ஊரில் அப்பா பெயரை முன்னால் ஒரு இடத்திலும் பின்னால் ஒரு இடத்திலும் எழுதி வைத்திருப்போம், அதனாலேயே பணம் திரும்பி வந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். பான் அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே இரண்டு இடத்திலும் கொடுங்கள்.